நறுமண எண்ணெய்: முகரலாம், பார்த்துப் பூசலாம், குடிக்க வேண்டாம்

கேள்வி இதுதான்: ராத்திரி தூக்கம் சரியாக வருவதில்லை, பகலில் மனசு படபடவென்று இருக்கிறது. அரோமாதெரபி (நறுமண எண்ணெயை முகர்ந்தும் பூசியும் தேறுகிற முறை) பற்றிப் படித்தேன், மணத்தை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவி வாங்கலாமா, எந்த எண்ணெயில் தொடங்கலாம், ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாம் என்கிறார்களே, அது சரியா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் இருப்பதாகக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். வாசனைப் பொருள்கள் கலக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகர்வதற்காக வாங்குங்கள், தாராளமாக. தோலில் பூசுவதென்றால் வேறு எண்ணெயில் கலந்து, அளவு பார்த்து. வாய்க்குள் போகவே வேண்டாம். குழந்தைக்கும் பூனைக்கும் தனி விதி, அதைக் கீழே சொல்கிறேன்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும். செடியை ஒரு பெரிய கலத்தில் அடைத்து அடியிலிருந்து நீராவி விடுவார்கள். இலையிலும் பூவிலும் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் இருக்கும். நீராவி அவற்றை உடைத்து, ஆவியாகக் கூடியதை எல்லாம் இழுத்துக்கொண்டு குளிர்குழாய்க்குள் போகும். அங்கே குளிர்ந்து இறங்கியதும் எண்ணெய் தனியாகப் பிரிந்து தண்ணீர் மேல் மிதக்கும். (கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அது அடியில் போய்த் தங்கும்.) மிச்சமாகும் தண்ணீருக்கும் மணம் உண்டு. ரோஜாவிலிருந்து பன்னீர் வருவது இப்படித்தான். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்கு நீராவி தேவையில்லை, தோலை அழுத்திப் பிழிந்தாலே போதும். மல்லிகைக்கு அந்தச் சூடு ஆகாது. கரைப்பான் ஊற்றி எடுத்து, கரைப்பானைப் பிறகு விலக்குவார்கள். அதற்கு அப்சல்யூட் என்று பெயர்.

ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3,000 கிலோவுக்கும் மேல் இதழ் வேண்டும். லாவெண்டர் பரவாயில்லை, கிலோவுக்கு 100 கிலோவுக்கு மேல் பூ. ரோஜா எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, இவ்வளவு செடியின் சாரம் ஒரு சொட்டில் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 'இயற்கைதானே, என்ன ஆகிவிடப் போகிறது' என்கிற பேச்சு இங்கே செல்லாது. யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும்பகுதி 1,8-சினியோல். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். லாவெண்டரில் பாதிக்கு மேல் லினலூலும் லினலைல் அசிடேட்டும். எல்லாமே பெயரும் குணமும் உள்ள ரசாயனங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் லாவெண்டர் எண்ணெய் ஒரு சொட்டு, பக்கத்தில் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சமையல் எண்ணெய் வைத்த இடம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விடும் கறையாக நிற்கும். லாவெண்டர் வைத்த இடம் கிட்டத்தட்ட வெறும் தாள். அங்கேயும் பிசுக்குக் கறை நின்றால் யாரோ மலிவான எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். சந்தனம், வெட்டிவேர் போன்ற கெட்டியான எண்ணெய்களை இந்தச் சோதனையில் மாட்டிவிடாதீர்கள், அவை சுத்தமாக இருந்தாலும் லேசில் போகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சொட்டு வைத்த உடனே வரும் மணமும், கால் மணி கழித்து வரும் மணமும், இரண்டு மணி நேரம் கழித்து மிஞ்சும் மணமும் ஒன்றல்ல. லேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும், கனமானவை கடைசியில்தான் கிளம்பும். கடையில் பாட்டில் வாயை முகர்ந்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் 'இது அந்த மணமே இல்லையே' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

அரோமாதெரபி என்ற பெயரை வைத்தவர் ரெனே-மோரிஸ் கத்தஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1937இல் இதே தலைப்பில் புத்தகம் போட்டார். 1910இல் அவருடைய ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் கை தீய்ந்துபோனது, புண்ணில் அழுகல் பரவியபோது லாவெண்டர் எண்ணெயால் கழுவினார், அது நின்றது என்று அவரே எழுதியிருக்கிறார். 'தீய்ந்த கையைத் தவறுதலாக லாவெண்டர் தொட்டியில் முக்கினார், மறுநாளே குணமானது' என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. அவரோடு வரலாற்றை நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, முகர்ந்தால் என்ன ஆகிறது? மூக்கின் உச்சியில் உள்ள நரம்பணுக்களில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் தலமஸ் என்கிற நடு நிலையத்தில் இறங்கித்தான் மேலே போக வேண்டும். வாசனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் பொறுப்பான பகுதிகளுக்கு அது நேராகவே போகிறது. எப்போதோ பழகிய ஒரு மணம் திடீரென்று வந்தால், என்ன ஏது என்று யோசிப்பதற்கு முன்பே மனசு மாறிவிடுவது அதனால்தான்.

2018இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை லினலூல் ஆவியை முகர வைத்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைந்தது. மோப்ப சக்தியை அழித்த எலிகளுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆக, நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து வேலை செய்யவில்லை, மூக்கு நரம்பு வழியாகத்தான் செய்திருக்கிறது. பதற்றத்துக்குக் கொடுக்கும் பென்சோடையசெபின் மருந்துகள் மூளையில் எங்கே ஒட்டுகின்றனவோ அந்த இடத்தை அடைத்தபோதும் விளைவு காணாமல் போனது. எலிக்கு நடந்தது மனுஷனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 'எல்லாம் பிரமை' என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2008இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 56 பேரை வைத்து எலுமிச்சை, லாவெண்டர், வெறும் தண்ணீர் மூன்றையும் ஒப்பிட்டார்கள். சிலருக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று முன்பே சொன்னார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. எலுமிச்சை மணம் மனநிலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. எதிர்பார்ப்பு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். லாவெண்டர் அதைக்கூடச் செய்யவில்லை. வலியிலோ, தோல் ஆறும் வேகத்திலோ, நோய் எதிர்ப்பு அளவுகளிலோ இரண்டுமே தண்ணீரைத் தாண்டவில்லை. மனசுக்கு ஓரளவு உண்டு, உடம்பை நேராகக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிவு. என் அனுபவத்துக்கும் இது ஒத்துப்போகிறது.

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்வதே ஒரு தொல்லை. மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். வாசனையை எப்படி மறைப்பது? முகர்ந்த உடனே தெரிந்துவிடும். மணத்தோடு ஒட்டிய பெயருக்கும் பெரிய பலம் உண்டு. ஒரே அமிலக் கலவையை 'பார்மெசான் சீஸ்' என்று சொல்லிக் கொடுத்தால் ரசித்து முகர்கிறவர்கள், 'வாந்தி' என்று சொல்லிக் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. 'மனஅமைதி' என்று பாட்டிலில் அச்சடித்திருப்பதற்கும் ஒரு பங்கு இருக்கத்தான் செய்யும். இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் பங்கையும் நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தூக்கத்துக்கு நான் சொல்வது அதைத்தான். உங்களுக்குப் பிடித்த ஒரு மணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாவெண்டர்தான் என்று கட்டாயமில்லை. அது பிடிக்காதவர்களைக் கட்டாயப்படுத்தினால் எரிச்சல்தான் மிச்சம். படுப்பதற்கு அரை மணி முன்பு, விளக்கைக் குறைத்து, போனை ஓரம் வைத்த பிறகு, அந்த ஒரு மணத்தை மட்டும், அந்த நேரத்தில் மட்டும். பகலில் அதே மணத்தைப் போடாதீர்கள். சில வாரம் போனால் 'இந்த வாசனை வந்தால் படுக்கிற நேரம்' என்று உடம்பு பழகிக்கொள்ளும். லினலூல் என்ன செய்கிறதோ இல்லையோ, இந்தப் பழக்கம் வேலை செய்யும். டிஃப்யூசர் கூட அவசியமில்லை. ஒரு டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு வைத்து படுக்கைக்குப் பக்கத்து மேசையில் போட்டால் போதும். உங்கள் வீட்டுக்கு அதுவே மேல், ஏன் என்று பூனை விஷயத்தில் சொல்கிறேன்.

ஆதாரம் ஓரளவு தெளிவாக இருக்கும் இடங்களும் உண்டு. குமட்டலுக்குப் பலரும் பெப்பர்மின்ட் முகரச் சொல்வார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சோதனைகளில் நன்றாகத் தேறியது எது தெரியுமா? ஊசி போடும் முன் தோலைத் துடைக்கிற ஆல்கஹால் பஞ்சு! ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மூக்கருகே பிடித்து மெல்ல இழுத்தால் குமட்டல் குறைகிறது. அழகான பாட்டிலில் விற்கும் எங்கள் ஆட்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

எனக்கு மிகவும் பிடித்தது முகர்தல் பயிற்சி. வைரஸ் காய்ச்சல் போன்ற காரணங்களால் வாசனை தெரியாமல் போனவர்களுக்காக ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில விநாடிகள் கவனித்து முகர வேண்டும். 12 வாரம் விடாமல் செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட முகரும் திறன் கூடியது. கோவிட் காலத்தில் மருத்துவர்கள் பலர் எழுதிக் கொடுத்தது இதைத்தான். இதில் எண்ணெய் மருந்தல்ல, மூக்குக்கான உடற்பயிற்சிக் கருவி.

தோல் பக்கம் வந்தால், டீ ட்ரீ என்கிற ஆஸ்திரேலிய மரத்தின் இலை எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஜெல்லை, முகப்பருவுக்கு வழக்கமாகத் தரும் பென்சாயில் பெராக்சைடு மருந்தோடு ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு 1990இல் வந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. 10 சதவீதப் பெப்பர்மின்ட் எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து நெற்றியில் தடவினால் இறுக்கத் தலைவலி குறைவதாக ஜெர்மனியில் ஆய்வு உண்டு. இரண்டிலும் அளவு குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். பாட்டிலில் இருப்பதை அப்படியே எடுத்துப் பூசவில்லை.

அளவுக் கணக்கு சுலபம். 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. பாதாம், ஜோஜோபா, தேங்காய் எண்ணெய் ஏதாவது ஒன்று 30 மில்லி எடுத்தால், 6 சொட்டு விட்டால் 1 சதவீதம், 12 சொட்டு விட்டால் 2 சதவீதம். முகத்துக்கு 1 சதவீதம் போதும், உடம்புக்கு 2. அதிகமாகப் போட்டால் அதிகப் பலன் வராது, அரிப்புதான் வரும். பட்டை, கிராம்பு, எலுமிச்சைப்புல் போன்ற காரமான எண்ணெய்களுக்கு இந்தக் கணக்கும் அதிகம், தொடக்கத்தில் அவற்றைத் தோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கலந்ததை முழங்கைக்குக் கீழே உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே மற்ற இடம். குளிக்கும் தொட்டியில் நேராகச் சொட்டு விடுவதும் தவறு. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து நீர்க்காத சொட்டாகவே தோலில் ஒட்டும்.

பெர்கமாட் எண்ணெய்க்குத் தனி எச்சரிக்கை. எர்ல் கிரே தேநீரின் மணம் அதுதான். பிழிந்து எடுத்த பெர்கமாட்டில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் பொசுங்கும், அப்புறம் கரும்பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கழுவாமல் தோலில் விடும் பொருள்களில் 0.4 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வாசனைத் தொழில்துறையே வரம்பு வைத்திருக்கிறது. பிழிந்து எடுத்த லைம், எலுமிச்சைக்கும் வரம்பு உண்டு. இனிப்பு ஆரஞ்சுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பழைய பாட்டில் இன்னொரு சிக்கல். காற்றுப் பட்டால் எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள லிமோனீனும் லாவெண்டரில் உள்ள லினலூலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாக மாறும். பல நாள் ஒத்துக்கொண்ட எண்ணெய் திடீரென்று அரிப்பதற்கு இது பெரிய காரணம். பழைய எலுமிச்சை எண்ணெய் பாட்டிலின் மூடியைத் திருகும்போதே தெரியும். மரையில் பிசின் மாதிரி ஒட்டும், பழ வாசனைக்குப் பதில் டர்பன்டைன் நெடி முன்னால் வரும். அதைத் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள். இந்த ஜாதி எண்ணெய்களைத் திறந்த ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் நல்லது.

இப்போது அந்த இரண்டு சொட்டுத் தண்ணீர் விஷயம். இதை நியாயப்படுத்துகிறவர்கள் ஒரு நல்ல வாதம் வைப்பார்கள்: ஜெர்மனியில் பதற்றத்துக்கு 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் மாத்திரை அனுமதிக்கப்பட்ட மருந்து, கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய இரண்டு சொட்டுதானே? மருந்து உண்மை, சோதனைகளில் தேறியதும் உண்மை, கணக்கும் கிட்டத்தட்ட சரி. ஆனால் அது கேப்ஸ்யூலுக்குள் அடைத்தது, உள்ளே என்ன எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரையறுத்தது, மருந்துக்கடையில் மட்டும் விற்பது. (அதைச் சாப்பிடுகிறவர்களின் முக்கியப் புகார் லாவெண்டர் ஏப்பம்!) டம்ளரில் விட்ட சொட்டு மேலே மிதந்து வந்து உதட்டிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் நீர்க்காமல் படும். பெப்பர்மின்டும் அப்படியே. ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்கு அது உதவுகிறது, ஆனால் குடலுக்குப் போன பிறகு கரையும் உறை போட்ட மாத்திரையாக. நேராகக் குடித்தால் இரைப்பையின் வாயைத் தளர்த்தி நெஞ்செரிச்சல் தரும்.

குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. விண்டர்கிரீன் என்கிற செடியின் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பத்துப் பொருள். 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன், சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். பெரியவர்கள் போடும் 325 மில்லிகிராம் மாத்திரையில் 21. சின்னக் குழந்தை அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கற்பூர எண்ணெயும் யூகலிப்டஸ் எண்ணெயும் சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் இன்னும் மோசம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை. எல்லா பாட்டிலும் பூட்டு போட்ட அலமாரியில், சொட்டுத் தடுப்பான் உள்ளதாக இருக்கட்டும். சளி பிடித்த குழந்தையின் முகத்தருகே யூகலிப்டஸ், பெப்பர்மின்ட் இரண்டும் வேண்டாம். மூச்சுத் திணறலைக் குறைப்பதற்குப் பதில் வரவழைத்துவிடலாம்.

பூனையின் கல்லீரலுக்கு இந்த எண்ணெய்களில் உள்ள பல பொருள்களை வெளியேற்றும் வழி சரியாக இல்லை. மனுஷனுக்கும் நாய்க்கும் இருக்கும் குளுக்குரோனிக் அமில வழி பூனைக்குப் பலவீனம். அல்ட்ராசோனிக் டிஃப்யூசர் எண்ணெயை நுண்துளியாகத் தூவுகிறது. அது ரோமத்தில் படியும், பூனை நாள் முழுக்க தன்னை நக்கிக்கொண்டே இருக்கும். டீ ட்ரீ இதில் மிக மோசம். டிஃப்யூசர் வாங்கத்தான் வேண்டுமென்றால் பூனை வராத அறையில், கதவுக்கு வெளியே அது போக இடம் இருக்கும்படி, 100 மில்லி தண்ணீருக்கு 3 சொட்டு, அரை மணி ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தாலும் டிஃப்யூசர் யோசிக்க வேண்டியதுதான். கர்ப்பமாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

வாங்கும்போது தாவரப் பெயர் பாருங்கள். வெறுமனே 'லாவெண்டர்' என்று இருந்தால் போதாது. லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்றால் அசல் லாவெண்டர். லாவண்டின் என்கிற கலப்பினத்தில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், தூக்கத்துக்கு அது தோதில்லை. விளைந்த நாடு, தொகுதி எண், அந்தத் தொகுதிக்கு ஜிசி-எம்எஸ் அறிக்கை (எண்ணெயில் என்னென்ன எவ்வளவு என்று காட்டும் ஆய்வக அறிக்கை) இருந்தால் நல்லது. 'தெரப்யூடிக் கிரேடு' என்ற முத்திரையைக் கண்டு மயங்காதீர்கள். அப்படித் தரம் பிரிக்கும் பொதுவான அமைப்பு எதுவும் இல்லை, விற்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்வது. ஒரே கடையில் ரோஜாவும் ஆரஞ்சும் ஒரே விலை என்றால் இரண்டில் ஒன்று நிச்சயம் பொய்.

உங்களுக்கு இப்போதைக்கு இரண்டே பாட்டில் போதும்: ராத்திரிக்கு லாவெண்டர், அது பிடிக்காவிட்டால் சந்தனம். பகலில் மனசு சோர்ந்தால் ஆரஞ்சு அல்லது எலுமிச்சை. 5 மில்லி அளவிலேயே வாங்குங்கள். ஒரு மாதம் டிஷ்யூ முறையில் பாருங்கள். தூக்கம் வாரத்தில் மூன்று ராத்திரியாவது கெடுவதும், அது மூன்று மாதமாகத் தொடர்வதுமாக இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை, எண்ணெய்க்கு அடங்காது. அதற்கென்றே சிபிடி-ஐ என்ற பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது, மாத்திரைக்கு முன்பே அதைத்தான் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அந்தச் சிகிச்சைக்குப் போகும் நாள்களிலும் டிஷ்யூவில் லாவெண்டர் வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.